சிறுவிடைக்குச் சேவல்தான் கணக்கு

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் கால் கட்டிக் கிடக்கும் கோழி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: நாட்டுக்கோழி. அதில் சிறுவிடை என்ற உண்மையான சின்ன நாட்டுக்கோழியும் இருக்கும், வனராஜா, கிரிராஜா என்ற ஆராய்ச்சி நிலையக் கலப்பினங்களின் ரத்தம் கலந்ததும் இருக்கும், அசில் என்ற சண்டைக்கோழியின் பண்ணைக் கலப்பும் இருக்கும். கறிக்கு வாங்குகிறவருக்கு இதில் பெரிய நட்டமில்லை. ஒரு இனத்தை வைத்துப் பெருக்க நினைப்பவர் இங்கேதான் முதலில் சறுக்குகிறார். தாய்க்கோழியே கலப்பாக இருந்தால் அதற்குப் பின் எவ்வளவு கவனமாக வளர்த்தாலும் இரண்டாம் தலைமுறையில் ஆளுக்கொரு உருவத்தில் குஞ்சு வரும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தோட்டத்திலோ வீட்டுக் கொல்லையிலோ பதினைந்து இருபது பெட்டைகள் வைத்து, பழைய இனம் ஒன்றைக் கலப்பில்லாமல் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்காக இந்தப் பதிவு. கறிக்கோழி லாபக் கணக்கு இதில் இல்லை.

தாய்க்கோழியைத் தேடுவது

சிறுவிடையை முதலில் எடை சொல்லிவிடும். வளர்ந்த பெட்டை ஒரு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ வரை, சேவல் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ வரை. எட்டு வாரத்தில் ஒரு கிலோவை நெருங்கும் குஞ்சு சிறுவிடை இல்லை, விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும். இரண்டாவது அடையாளம் அடை. பன்னிரண்டு பதினைந்து முட்டை வைத்துவிட்டுத் தானாக அடைக்கு உட்கார வேண்டும். நாற்பது ஐம்பது முட்டை தொடர்ந்து வைத்தும் அடை உட்காராத கோழியில் முட்டைக்கோழி ரத்தம் இருக்கிறது என்றே கொள்ளலாம்.

ஆகவே சந்தையில் வாங்குவதைவிட, கோழியின் தாயையும் குஞ்சையும் ஒரே முற்றத்தில் பார்க்க முடிகிற வீட்டில் வாங்குவது மேல். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போலப் பெருஞ்சாலையை விட்டு விலகிய ஊர்களில் பழைய மந்தை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரே வீட்டில் சேவலும் பெட்டையும் சேர்த்து வாங்கிவிடக் கூடாது. அவை அண்ணன் தங்கையாகத்தான் இருக்கும். மூன்று ஊர்களில், மூன்று வீடுகளில், வீட்டுக்கு ஐந்து பெட்டை, இன்னொரு ஊரிலிருந்து சேவல் என்று சேர்க்கலாம். சந்தையில்தான் வாங்க வேண்டிய நிலை என்றால் வாங்கியதை மூன்று நான்கு வாரம் மற்ற கோழிகளின் காற்றுகூடப் படாத இடத்தில் தனியாக வைத்து, பேன் நீக்கி, குடற்புழு மருந்து கொடுத்து, அதன் பிறகே சேர்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) பெரும்பாலும் புதிதாக வந்த கோழியோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது.

நிறம் பார்த்துச் சேர்க்க வேண்டாம். கீரி, செவலை, காகம், மயில், பொரி என்று சிறுவிடை எல்லா நிறத்திலும் வரும். ஒரே நிறம் வேண்டும் என்று கழிக்கத் தொடங்கினால் நல்ல தாய்மைக் குணமும் நோய் தாங்கும் திறனும் உள்ள கோழிகளையும் நிறத்துக்காகவே இழந்துவிடுவோம். சின்ன மந்தையில் அந்த ஆடம்பரத்துக்கு இடமில்லை.

சில இனங்களுக்குத் தனிக் கவனம்

குட்டைக்கால் கோழி வைத்திருப்பவர்கள் குட்டைக்கால் சேவலைக் குட்டைக்கால் பெட்டையோடு சேர்த்துவிட்டு, முட்டை பொரிக்கவில்லை என்று சேவலை மாற்றுகிறார்கள். பழி சேவல் மேல் இல்லை. காலைக் குட்டையாக்கும் மரபணு தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்துவிட்டால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். நான்கு முட்டைக்கு ஒன்று இப்படிப் போகும். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே போய்விடுவதால் விளக்கில் பார்க்கும்போது ரத்த வளையமாகத் தெரியும். இதற்கு வழி எளிது. குட்டைக்கால் சேவலுக்குச் சாதாரணக் கால் உள்ள பெட்டை, அல்லது நேர்மாறாக. குஞ்சுகளில் பாதி குட்டைக்காலாக வரும், முட்டைக்குள் சாவு இருக்காது. அந்தச் சாதாரணக் கால் பெட்டையும் அதே குட்டைக்கால் மந்தையில் பிறந்ததாக இருந்தால் மற்ற குணங்கள் சிதறாது.

கழுத்தறுத்தானில் இரண்டு வகை கண்ணில் படும். ஒன்றில் கழுத்து முழுக்க மொட்டையாக இருக்கும். இன்னொன்றில் கழுத்தின் முன்பக்கம், மார்புக்கு மேலே, ஒரு குஞ்சம் இறகு நிற்கும். குஞ்சம் உள்ளதில் மொட்டைக்கழுத்து மரபணு ஒரு பங்குதான், முழு மொட்டையில் இரண்டு பங்கு. குஞ்சம் உள்ள இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று இறகுக் கழுத்தோடு பிறக்கும், அதைப் பார்த்து "கலப்பு வந்துவிட்டது" என்று பதற வேண்டியதில்லை. முழு மொட்டை இரண்டையும் சேர்த்தால் எல்லாமே மொட்டை. அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு இது அருமையான கோழி. இறகு குறைவு என்பதால் உடல் சூடு எளிதில் வெளியேறும். அதே காரணத்தால் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிருக்கு ஆகாது. குஞ்சுகள் கூடுதலாக வாடும், தீனியும் அதிகம் தின்னும்.

கொண்டைக்கோழியைத் தனியே வைப்பது நல்லது. மற்ற கோழிகள் தலை இறகைக் கொத்திக் கொத்திப் புண்ணாக்கும், மழைக்காலத்தில் அந்த இறகு நனைந்து கண்ணை மறைக்கும், பருந்து வருவதும் தெரியாது.

கருங்கோழியில்தான் ஏமாற்று அதிகம். கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி, 2018இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதன் சேவலை நம்மூர் வெள்ளைக்கால் அல்லது மஞ்சள்கால் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் தோல் கறுத்து அசல் போலவே இருக்கும், சேவல் குஞ்சுகள் மட்டும் வெளிறியிருக்கும். தோலில் கருமை ஏறவிடாமல் தடுக்கும் மரபணு, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது, மகள் அதைத் தகப்பனிடமிருந்து மட்டுமே பெறுகிறாள் என்பதுதான் காரணம். சாம்பல்கால் பெட்டையோடு சேர்த்தால் இரண்டு பாலும் கறுத்தே வரும். ஆகவே "கறுப்பாக இருக்கிறது" என்பது சான்றே இல்லை. நாக்கு, வாயின் உள்பக்கம், கொண்டை, கால், ஆசனவாய் எல்லாம் பாருங்கள். முடிந்தால் அதன் தகப்பன், தாய், உடன்பிறந்த சேவல் மூன்றையும் பாருங்கள். கலப்புகளைத் தங்களுக்குள் சேர்த்தால் குறைந்தது நாலில் ஒரு பங்கு வெளிறிப் பிறந்து உண்மையைச் சொல்லிவிடும், ஆனால் அதற்குள் ஒரு வருடம் போயிருக்கும். இன்னொன்று: கடக்நாத் முட்டை கறுப்பாக இருக்காது, வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும்.

அசிலைப் பற்றிச் சுருக்கமாக. சேவல்களை நான்கு ஐந்து மாதத்திலேயே பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒன்றை ஒன்று கொன்றுவிடும். பெட்டை கனமானது, அடையில் முட்டையை மிதித்து உடைக்கும். அசில் முட்டையைச் சிறுவிடையின் கீழ் வைப்பதே பழைய வழக்கம், முட்டை பெரிது என்பதால் ஏழெட்டுக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஏன் ஒரு சேவல் போதாது

"பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல்" என்று எல்லோரும் சொல்வது முட்டையில் கரு கூடுவதற்கான கணக்கு. சிறுவிடைக்கு ஒரு சேவலுக்கு எட்டுப் பெட்டையும், அசிலுக்கு நான்கைந்தும் இருந்தால் கரு கூடும். இனத்தைக் காப்பதற்கான கணக்கு வேறு.

மந்தையின் உண்மையான அளவை, அதாவது இனக் காப்பில் அது எத்தனை கோழிக்குச் சமம் என்பதை, இப்படிப் பார்க்கலாம்: சேவல் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, மறுபடி நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு சேவல், 15 பெட்டை என்றால் விடை 3.75. பெட்டையை 50 ஆக்கினாலும் 3.9தான். மூன்று சேவல், 15 பெட்டை என்றால் 10. உறவுக்குள்ளேயே சேர்வதால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறும் ரத்த நெருக்கம், இந்த எண்ணின் இரு மடங்கில் ஒரு பங்கு. அதாவது ஒரு சேவலோடு தலைமுறைக்கு 13 சதவீதம், மூன்று சேவலோடு 5 சதவீதம். பெட்டைகளைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

நெருக்கம் ஏறினால் என்ன ஆகும்? முதலில் பொரிப்பு குறையும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு, முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டை உடைக்காமலேயே இறந்து கிடக்கும். பிறகு கோணல் விரல், கோணல் அலகு, ஒரு பக்கம் சாய்ந்த வால். அதற்குப் பின் முட்டை எண்ணிக்கையும் நோய் தாங்கும் சக்தியும் குறையும். பலர் இந்தக் கட்டத்தில் வெளியிலிருந்து ஒரு பெரிய சேவலைக் கொண்டுவந்து விடுகிறார்கள். குஞ்சு உடனே தேறும், இனம் அன்றோடு போய்விடும்.

இதற்குச் செய்ய வேண்டியது மூன்று குடும்பம். மூன்று அடைப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு சேவல், ஐந்து பெட்டை. அடைப்புகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அ குடும்பத்தில் பிறந்த பெட்டைகள் அ அடைப்பிலேயே தாயின் இடத்துக்கு வரும். அ குடும்பத்தில் பிறந்த சிறந்த சேவல் ஆ அடைப்புக்குப் போகும், ஆவில் பிறந்தது இக்கு, இயில் பிறந்தது அவுக்கு. எப்போதும் ஒரே திசைதான், ஒரு வருடம்கூட மாற்றக் கூடாது. இதை ஒழுங்காகச் செய்தால் அண்ணன் தங்கைச் சேர்க்கை ஒருபோதும் நடக்காது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மாற்றுச் சேவலும் இருக்க வேண்டும். கீரியோ நாயோ ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் சேவலைத் தூக்கிவிட்டால் முழுச் சுற்றும் உடைந்துபோகும்.

வருடம் முழுதும் அடைத்து வைக்க வேண்டியதில்லை. குஞ்சுக்காக முட்டை சேகரிக்கும் காலத்தில் மட்டும் பிரித்தால் போதும். ஆனால் பிரித்த அன்றே சேகரிக்கக் கூடாது. பெட்டையின் உடலில் சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம் உயிரோடிருக்கும். பிரித்து மூன்று வாரம் வரை வரும் முட்டையெல்லாம் சமையலுக்கு, அதன் பிறகு வருவதுதான் அடைக்கு. இந்த மூன்று வாரத்தைச் சுருக்கியவர்களுக்குப் பின்னால் எந்தக் குஞ்சு எந்தக் குடும்பம் என்பதே தெரியாமல் போகிறது.

முட்டையும் அடையும்

நம் மாவட்டத்தில் அடைக்கு நல்ல காலம் ஐப்பசி பிற்பாதியிலிருந்து மாசி முற்பாதி வரை. பங்குனி, சித்திரையில் வைத்த முட்டை நிறைய கெட்டுப்போகும், ஊரில் இதற்கு "இடி இடிச்சுக் கூழாயிடுச்சு" என்பார்கள். அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடுவதும் அதற்காகத்தான். கோடை இடி வருகிற மாதமும் முட்டை கெடுகிற மாதமும் ஒன்றாக இருப்பதால் வந்த நம்பிக்கை இது. உண்மையான காரணம் அடைக்கு முன்னால், வீட்டுக்குள் நடந்து முடிந்திருக்கும். கரு வளர அடையின் சூடு வர வேண்டும் என்பதில்லை, ஏறக்குறைய 21 டிகிரிக்கு மேலேயே மெதுவாக வளரத் தொடங்கிவிடும். சித்திரையில் தர்மபுரி வீட்டுக்குள் 33, 34 டிகிரி இருக்கும். பத்து நாள் அலமாரியில் கிடந்த முட்டைக்குள் கரு அரைகுறையாக வளர்ந்து, பலவீனப்பட்டு, அடையில் வைத்த முதல் சில நாளில் செத்துவிடும். பிறகு அந்த முட்டை அழுகுகிறது.

முட்டையை 15 முதல் 18 டிகிரியில், ஏழு நாளுக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டி அதற்கு மேல் குளிர்ச்சி, அதுவும் கருவுக்கு ஆகாது. வாய் அகன்ற மண் பானையை ஈர மணலில் பாதி புதைத்து, உள்ளே உலர்ந்த உமி பரப்பி, முட்டையின் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி, ஈரத்துணியால் வாயை மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வைத்தால் அறையைவிடச் சில டிகிரி குறையும். தினம் ஒருமுறை பக்கம் சாய்த்து வைக்கலாம். அப்படியும் கோடையில் ஐந்து நாளுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு எடுக்காதீர்கள். முட்டையைக் கழுவக் கூடாது. மேலே இருக்கும் மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே போகும். அழுக்கு முட்டையைச் சமையலுக்கு அனுப்பிவிட்டு, முட்டையிடும் கூடையைச் சுத்தம் செய்யுங்கள்.

அடைக்கூடைக்கு மூங்கில் கூடை அல்லது அகன்ற மண் தொட்டி. அடியில் இரண்டங்குலம் மணல், அதன் மேல் வைக்கோல், நடுவில் லேசான குழி. கூடவே ஒரு கைப்பிடி நொச்சி அல்லது வேப்பிலை. அடைக்கோழி பாதியில் எழுந்து ஓடுவதற்குப் பெரும்பாலும் செள்ளுப்பேன்தான் காரணம். இரவில் அதன் அடிவயிற்று இறகைப் பிரித்துப் பார்த்தால் ஊர்வது தெரியும். அடை வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே சாம்பலும் மணலும் கலந்த குழியில் புரள விட வேண்டும். அடை உறுதியா என்று பார்க்க இரண்டு நாள் போலி முட்டையிலோ கூமுட்டையிலோ உட்கார வைத்து, மூன்றாம் நாள் இருட்டிய பிறகு எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பொரிப்பு இரண்டு மூன்று நாளுக்கு இழுக்கும், தாய் முதல் குஞ்சுகளோடு எழுந்து போய்விடும். சிறுவிடைக்கு அதன் அளவு முட்டை 9 முதல் 11, குளிர்காலத்தில் 9க்கு மேல் வேண்டாம். தீனியும் தண்ணீரும் கூடைக்கு நாலடி தள்ளி. தினம் ஒருமுறை எழுந்து கால் மணி நேரத்தில் திரும்பிவிடும்.

ஏழாம் நாள் இரவில் கைப்பேசி வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நரம்போடிய சிவப்பு தெரிந்தால் உயிருள்ளது. ஒன்றுமில்லாமல் வெளிச்சமாக இருந்தால் கரு கூடவில்லை. ரத்த வளையம் இருந்தால் கரு செத்துவிட்டது. இந்த மூன்றையும் எண்ணி எழுதி வைப்பது அவசியம், ஏனெனில் கோளாறு எங்கே என்பதை அதுதான் சொல்லும். வெளிச்ச முட்டை அதிகம் என்றால் சேவலைப் பாருங்கள்: கொழுத்துவிட்டதா, கால் புண்ணா, மூன்று வயது தாண்டியதா. ரத்த வளையம் அதிகம் என்றால் முட்டை வைத்திருந்த இடம், நாட்கள், வண்டியில் ஆட்டம். பதினெட்டுக்கு மேல் ஓட்டுக்குள் சாவு என்றால் ரத்த நெருக்கம், அல்லது தாய்க்குக் கீரை, பச்சை இல்லாத தீனி. ஓட்டை உடைத்த பிறகு காய்ந்து ஒட்டிச் செத்தால் ஈரப்பதம் போதவில்லை.

பொரிப்புப் பெட்டி வைத்திருப்பவர்கள் அது காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி ஒன்று வையுங்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. விசிறி இல்லாததற்கு முட்டையின் மேல்மட்டத்தில் 38.5. ஈரப்பதம் 18 நாள் வரை 55 சதவீதம் அளவில், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்த வேண்டும். அதன் பிறகு எட்டிப் பார்க்கும் ஆசையில் மூடியைத் திறந்தால் ஈரம் போய், பாதி உடைத்த குஞ்சு சவ்வில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் பெட்டியை மட்டுமே நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை, காரணம் வேறு. பெட்டி இருந்தால் அடை உட்காராத பெட்டைதான் அதிக முட்டை தரும், அதன் குஞ்சுதான் மந்தையில் அதிகமாகும். யாரும் வேண்டுமென்று தேர்ந்தெடுக்காமலே, சில தலைமுறையில் அடை குணம் தேய்ந்துபோகும். அடை உட்காருவது, தினம் எழுந்து திரும்புவது, பருந்தைக் கண்டு குரல் கொடுத்துக் குஞ்சுகளை அணைப்பது, இரை கிளறிக் காட்டுவது இவைதாம் சிறுவிடையைச் சிறுவிடையாக்குகின்றன. இவற்றை இழந்தால் மிஞ்சுவது குறைவாக முட்டையிடும் ஒரு சின்னக் கோழி. பெட்டியில் பொரித்தாலும், அடுத்த தலைமுறைத் தாய்களை மட்டும் தானே அடைகாத்துக் குஞ்சு வளர்த்த பெட்டைகளின் மகள்களிலிருந்து எடுங்கள்.

முதல் எட்டு வாரம்

பொரித்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும், இரண்டு நாள் வரை தீனி இல்லாமலே தாங்கும். அவசரப்பட்டுத் தாயின் அடியிலிருந்து இழுக்க வேண்டாம். முதலில் தண்ணீர், லிட்டருக்கு 50 கிராம் வெல்லம் கலந்து சில மணி நேரம் மட்டும். பிறகு கொதித்து ஆறிய வெறும் தண்ணீர். தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது.

தாயோடு பத்து நாள் கொடாப்புக்குள் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை). பனி காய்ந்த பிறகு வெளியே, மாலை நான்கு மணிக்குள் உள்ளே. ஓசூர், தளிப் பக்கம் மார்கழியில் கொடாப்பைச் சாக்கால் மூடி, மேலே மட்டும் காற்று போக விடவும். தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி, அதன் பின் வாரத்துக்கு 3 டிகிரி குறைத்தால் போதும். குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில் குண்டு பல்பு. வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும்: பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாய் திறந்தால் சூடு, பரவலாகப் படுத்தால் சரி.

தீனியில் இங்கே நடக்கும் பெரிய தவறு, வீட்டில் விளைந்த கேழ்வரகை மட்டும் போட்டு வளர்ப்பது. கேழ்வரகில் புரதம் ஏழு சதவீதம் அளவுதான், குஞ்சுக்கு இருபது வேண்டும். இறகு முளைக்காமல், ஒன்றை ஒன்று கொத்தி, சளி பிடித்துப் போகும். பத்துக் கிலோ குஞ்சுத் தீனிக்கு: உடைத்த மக்காச்சோளம் 4.5 கிலோ, கேழ்வரகு அல்லது கம்பு 1 கிலோ, சோயா புண்ணாக்கு 2.8 கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 800 கிராம், அரிசித் தவிடு 700 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று சேர்ப்பவர்கள் பூஞ்சை வாடை பார்க்க வேண்டும். பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும், தடுப்பூசி போட்டும் பயனில்லாமல் போகும். சந்தேகம் இருந்தால் சேர்க்காதீர்கள்.

இதோடு கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் காலையில் திரண்டிருக்கும். பத்து நாள் குஞ்சுக்கு இதைவிட நல்ல புரதம் கிடையாது.

மூன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் ரத்தக்கழிச்சல் வரும். தரை ஈரம்தான் இதைப் பரப்புகிறது, அதனால் தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த உமியைத் தினம் அள்ளிவிடுங்கள். எச்சத்தில் ரத்தம் தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கொடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கும், இரண்டு நாள் தள்ளினால் பாதி போகும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு வந்த பின் மருந்து இல்லை. தடுப்பு மருந்துதான் வழி: ஏழாம் நாளுக்குள் எஃப்1 கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் லசோட்டா, எட்டாம் வாரம் ஆர்2பி ஊசி இறக்கைத் தோலுக்கு அடியில் அரை மில்லி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஆறேழு வாரத்தில் அம்மைத் தடுப்பூசி இறக்கைச் சவ்வில். மருந்தை ஐஸோடு கொண்டுவந்து, கரைத்த ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பையில் வெயிலில் வந்த மருந்து தண்ணீருக்குச் சமம். தடுப்பூசி போட்டும் செத்தது என்று சொல்லப்படுவதில் நிறைய இந்த வகைதான். ஒரு குப்பி நூறு கோழிக்காவது வரும் என்பதால் பக்கத்து வீடுகளோடு ஒரே நாளில் போடுங்கள். கால்நடைத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் நடத்தும் இலவச இருவார முகாம் கோடை நோய்க்கு முன்னால் வருவதால் காலம் பொருத்தமானது, விடாதீர்கள். நோயறிய, ஆலோசனை கேட்க ஓசூர் மத்திகிரியில் கோழியியல் கல்லூரி இருக்கிறது.

அடையாளமும் கழிப்பதும்

குஞ்சு பொரித்த முதல் நாளே குடும்ப அடையாளம் வைத்துவிட வேண்டும். கால் வளையம் குஞ்சுக்கு நிற்காது. விரல்களுக்கு இடையே மெல்லிய சவ்வு ஒரு காலுக்கு இரண்டு, மொத்தம் நான்கு. அதில் சின்னத் துளைக்கருவியால் துளையிட்டால் துளை உண்டு, இல்லை என்ற கணக்கில் 16 அடையாளம் கிடைக்கும். துண்டு முழுதாகக் கழன்று விழுந்ததா என்று பாருங்கள், தொங்கிக்கொண்டிருந்தால் மூடி வளர்ந்துவிடும். நோட்டில் தாய் எண், வைத்த முட்டை, கரு கூடியது, பொரித்தது, ஆறு வாரத்தில் உயிரோடிருப்பது என்று ஐந்து கட்டம் போதும்.

கழிப்பது மூன்று முறை. எட்டு வாரத்தில் கோணல் விரல், கோணல் அலகு, நோஞ்சான். நான்கு மாதத்தில் சேவல்களில் கால் நேராக இல்லாதவை, பயந்து ஒதுங்குபவை. பெட்டைகளை மட்டும் முதல் அடை முடியும் வரை கழிக்காதீர்கள், அதன் தாய்மைக் குணம் அப்போதுதான் தெரியும். பெரிய சேவலையே வைத்துக்கொள்ளும் ஆசையையும் அடக்க வேண்டும். வருடா வருடம் கனமானதைத் தேர்ந்தால் சிறுவிடை மெல்ல மெல்ல வேறு கோழியாகிவிடும். தன் தாயின் கணக்கில் ஆறு வாரம் வரை அதிகக் குஞ்சு பிழைத்த சேவலே மேல், பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும்.

மூன்று அடைப்புக்கு இடமில்லாதவர்கள் ஊரில் மூன்று வீடாகச் சேர்ந்துகொள்ளலாம். வீட்டுக்கு ஒரு குடும்பம், ஒரு சேவல், ஐந்தாறு பெட்டை. மற்ற சேவல்கள் மேய்ச்சலில் கலக்காத தூரம் வேண்டும், தோட்டத்து வீடாக இருந்தால் நல்லது. முதல் வீட்டில் பிறந்த சேவல் இரண்டாவது வீட்டுக்கு, இரண்டாவதில் பிறந்தது மூன்றாவதுக்கு, மூன்றாவதில் பிறந்தது முதலுக்கு என்று வருடம் ஒருமுறை மாற்ற வேண்டும். புரட்டாசிக் கடைசி அதற்குத் தோதான காலம். பேன் நீக்கி, தடுப்பூசி முடிந்து இரண்டு வாரம் ஆன சேவலை இருட்டியபின் கூடையில் கொண்டுபோய், மூன்று வாரம் தனியே கட்டி வைத்துப் பிறகு பெட்டைகளோடு விடுங்கள். பழைய சேவலைப் புதியது வரும் அன்றே பெட்டைகளிடமிருந்து எடுத்துவிட்டால், இந்த மூன்று வாரத்திலேயே பழைய விந்தும் தீர்ந்துவிடும். சேர்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து வரும் முட்டையை ஐப்பசிக் கடைசியில் அடைக்கு எடுக்கலாம்.